வழிவிடாத காகிதப்பூ

“விளிம்பைப் புடிச்சுத் தூக்காதீங்கய்யா! அடியில கை குடுங்க!”

அவர் சொல்லி முடிப்பதற்குள் தொட்டி உடைந்துவிட்டது. தையல்கடைக்காரர் கையில் விளிம்பு மட்டும் வளையம் போல மிஞ்சியது. மண்ணும் வேருமாகச் செடி அவர் செருப்பின்மேல் வந்து உட்கார்ந்திருந்தது.

“பழைய தொட்டி போலிருக்கு, டிரைவர் சார்.”

“பழசுதான். அதனாலதானே கத்துறேன்.”

தையல்கடைக்காரர் காலை உதறிக்கொண்டார். சாவு வீட்டுக்கு உதவ வந்தவரிடம் இப்படி எரிந்து விழுந்திருக்க வேண்டாம் என்று டிரைவருக்கும் தெரிந்தது. ஆனால் காலையிலிருந்து உடைந்தவற்றில் இது எத்தனையாவது என்று யாராவது பார்த்தார்களா?

வீட்டு வாசற்படியிலிருந்து தெருக்கதவு வரைக்கும் இரண்டு பக்கமும் தொட்டிகள். தொட்டிகளுக்கு முன்னால் கறுப்புப் பைகளில் நாற்றுகள். பைகளுக்கு முன்னால், இடம் போதாமல், பழைய பெயின்ட் டப்பாக்களில் ஏதேதோ. மிச்சமிருந்தது ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கிற வழி. உள்ளே கூடத்தில் அவருடைய மனைவி சவப்பெட்டிக்குள் படுத்திருந்தாள். நேற்று ராத்திரி அந்தப் பெட்டி காலியாக வந்தபோது அதை நெட்டுக்குத்தாக நிறுத்தி, தொட்டிகளுக்கு மேலே தூக்கி, எப்படியோ உள்ளே சேர்த்துவிட்டார்கள். இப்போது அது படுத்தவாக்கில் போயாக வேண்டும். படுத்தவாக்கில் போக இந்த வீட்டில் வழி கிடையாது.

இதைத்தான் அவர் எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். “வழியை விடும்மா. நாளைக்கு ஒரு அவசரம்னா ஒரு கட்டிலைக்கூட வெளிய எடுக்க முடியாது.”

“கட்டிலை எதுக்குங்க வெளிய எடுக்கணும்?” என்பாள் அவள், கையிலிருக்கும் நாற்றிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் பஸ் ஓட்டியவர். எந்தச் சந்தில் எந்த வண்டி திரும்பும், எங்கே கண்ணாடி உரசும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிற கண். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற பிறகு நாள் முழுக்க இந்த வழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சாதாரண வேதனை இல்லை. அதைவிடப் பெரிய வேதனை, தெருவுக்கே டிரைவர் சாராக இருந்தவர், அவள் வீட்டிலேயே செடிக்கடை போட்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் செடியம்மா வீட்டுக்காரர் ஆகிப்போனது. தபால்காரர்கூட அப்படித்தான் விசாரித்துக்கொண்டு வந்தார்.

தெருவில் வண்டி வந்து நின்றிருந்தது. மயானத்தில் மதியத்துக்கு நேரம் வாங்கியிருந்தார்கள். தவறினால் நாளைக்குத்தான் என்று வண்டிக்காரர் ஏற்கெனவே இரண்டு பேரிடம் சொல்லிவிட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

“அத்தான், பேசாம ஒண்ணு பண்ணலாம்,” என்று வந்தார் மைத்துனர், அவளுடைய தம்பி. வந்ததிலிருந்து யாரையாவது எதையாவது செய்யச் சொல்லிக்கொண்டே இருந்தார். “காகிதப்பூ நிக்கிற திருப்பத்துல மட்டும் பெட்டியை லேசா நிமித்திப் புடிச்சா வெளிய வந்துரும். ரெண்டே நிமிஷம்.”

“நிமித்துறதா?”

“லேசா.”

“உங்க அக்கா என்ன பீரோவா, மச்சான்?”

மைத்துனர் திண்டாட்டம் என்கிற மாதிரி கையை விரித்துக் காட்டிவிட்டு வேறு பக்கம் போனார்.

வந்தவர்களெல்லாம் ஒரே வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். “குடுத்து வச்ச உசிரு. செடிங்க நடுவுலயே போயிருச்சு.” முதல் ஆள் சொன்னபோது தலையை ஆட்டினார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டார். என்ன கொடுத்து வைத்தது? நேற்று சாயங்காலம் டீ போட்டுவிட்டுக் கூப்பிட்டார். நாற்றுகளுக்கு நிழலுக்காகப் போட்ட வலைக்கூரைக்குக் கீழே இருந்து, “இதோ வந்துட்டேன்” என்றாள். அவள் அகராதியில் ‘இதோ’ என்றால் குறைந்தது ஒரு மணி நேரம். அவர் தன் டீயைக் குடித்தார். ஆறிப்போகிறதே என்று அவள் டீயையும் குடித்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று சண்டை போடத்தான் எழுந்து போனார். நாற்றுத் தட்டுகளுக்கு நடுவே முக்காலியில் உட்கார்ந்தபடி சுவரில் சாய்ந்திருந்தாள். போட வேண்டிய சண்டை தொண்டையிலேயே நின்றுவிட்டது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

“சார்... செடியம்மா இல்லீங்களா?”

தெருக்கதவுக்கு வெளியே ஒரு பெண், கையில் ஒரு தொட்டி. பள்ளிக்கூடத்து டீச்சர். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு செடியைச் சாகக் கொடுத்துவிட்டு வந்து நிற்பவர். இத்தனை செருப்புகளையும் நாற்காலிகளையும் தாண்டித்தான் வந்திருக்கிறார். ஆனால் பார்வை தொட்டியை விட்டு நகரவில்லை.

“இலையெல்லாம் வெள்ளை வெள்ளையா அப்பிக்கிட்டிருக்கு சார். பஞ்சு மாதிரி. அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

“அவ செத்துட்டா.”

டீச்சர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். நாற்காலிகளை, வண்டியை, உள்ளே தெரிந்த பெட்டியை. தொட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மார்போடு அணைத்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது.

“போன வாரம்தானே பேசினேன். தோள்பட்டை இழுத்துப் புடிக்குதுன்னு சொன்னாங்க. ராத்திரி தூக்கமே இல்லன்னு. மண்ணு மூட்டை தூக்கினதா இருக்கும்னாங்க. டாக்டரைப் பாருங்கம்மான்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன் சார்.”

நகர்த்தத் தூக்கியிருந்த தொட்டியோடு அவர் டீச்சர் பக்கம் ஓர் அடி வந்தார்.

“உங்ககிட்ட சொல்லியிருப்பாங்களே...”

“எங்கிட்ட சொல்லல.”

டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டார். “உங்ககிட்ட சொன்னா கடையை மூடச் சொல்லிருவீங்கன்னு சிரிச்சாங்க. அதுக்கப்புறம் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்” என்றார்.

மூடச் சொல்லியிருப்பார்தான். அதில் என்ன சந்தேகம்? அன்றைக்கே சங்கிலி போட்டுப் பூட்டியிருப்பார். அதற்காக? பக்கத்துத் தலையணையில் படுப்பவனுக்கு இல்லாத சேதி, மாதத்துக்கு ஒரு செடியைக் கொல்கிற டீச்சருக்கு. தெருவில் போகிற வருகிறவனையெல்லாம் நிறுத்தி வைத்து, வேர் அழுகினால் முதலில் இலைதான் சொல்லும், நுனி கருகினால் இந்தக் குறை, அடியிலை பழுத்தால் அந்தக் குறை என்று வாய் ஓயாமல் பாடம் எடுத்தவள், தன் தோள் சொன்னதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த தொட்டியைத் தெருவில் வீசிவிடலாம் போலிருந்தது. அது கொத்துக் கொத்தாக மொட்டு விட்டிருந்தது. கீழே வைத்தார்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

“நில்லுங்க,” என்றார் அவர். குரல் கடுகடுவென்றுதான் வந்தது. “அது மாவுப்பூச்சி. சோப்புத் தண்ணியைக் கலந்து அடிங்க. நுரை ரொம்ப வேண்டாம். இலைக்கு மேல இல்ல, அடியில. குடும்பமே அடியிலதான் உக்காந்திருக்கும். சாயங்காலமா அடிங்க, வெயில்ல அடிச்சா இலை வெந்துரும். மத்த செடிகிட்ட வைக்காதீங்க.”

சொல்லிவிட்டு அவரே திகைத்தார். ஜன்னலுக்கு உள்ளே பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு, இந்தப் பேச்சு எப்போது முடியும், எப்போது சோறு போடுவாள் என்று காத்திருந்த நாட்களில் காதுக்குள் போன பாடம். இத்தனை காலம் எங்கே கிடந்ததோ!

அவர் திரும்பிப் பார்த்தபோது வழியில் ஒரே கூட்டம். மைத்துனர் வாசற்படியில் ஏறி நின்று அறிவித்துக்கொண்டிருந்தார். “ஆளுக்கு ஒரு செடி எடுத்துக்குங்க. அக்கா ஞாபகமா வச்சுக்குங்க. எடுங்க, எடுங்க, கூச்சப்படாதீங்க.”

கூச்சப்படவில்லை. பூத்திருந்தவை முதலில் போயின. பிறகு பூக்கப்போகிறவை. முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டே ஒருவர் இரண்டு தொட்டிகளைத் தூக்கி ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு ஆள் இருப்பதிலேயே பெரியதை ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் இறக்கிவிட்டு, அடுத்ததற்கு வந்தார்.

“மச்சான்! யாரைக் கேட்டு?”

“வழி வேணுமா வேணாமா, அத்தான்? நான் என்ன என் வீட்டுக்கா எடுத்துட்டுப் போறேன்?”

“அப்பா, விடுங்கப்பா.” மகள் வந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். விடியற்காலையில் ரயிலில் வந்து இறங்கியவள். அதே உடுப்பில் இருந்தாள். “எப்படியும் இதையெல்லாம் யாரு பாத்துக்கப் போறா? நீங்க எங்ககூடத்தானே வரப் போறீங்க.”

“யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. இங்க தனியா என்ன பண்ணுவீங்க? செடிக்குத் தண்ணி ஊத்துவீங்களா?”

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது சுருக்கென்று தைத்தது. அவர் எதிர்வீட்டு ஸ்கூட்டரைப் பார்த்தார்.

“ஏய்யா! அதை மொட்டை மாடியில வச்சிராதீங்க. நிழல்ல இருக்க வேண்டியது. நேர்வெயில் பட்டா ரெண்டு நாள் தாங்காது!”

எதிர்வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார். மொட்டை மாடிக்குத்தான் போகும் என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது. “இந்தாம்மா, அதுக்கு தினம் தண்ணி ஊத்தாத! மண்ணு காஞ்சப்புறம் ஊத்து! அய்யா, அது கொடி, பந்தல் வேணும், பந்தல் இருக்கா உங்க வீட்டுல?” அவர் கத்தக் கத்த ஒவ்வொன்றாகத் தெருவில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தன. யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. செத்தவள் புருஷன், பாவம், ஏதோ பேசுகிறார் என்று இரக்கமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வழி திறந்துவிட்டது, தெருக்கதவுக்கு முன்னாலிருந்த அந்தக் கடைசித் திருப்பம் தவிர.

அங்கே காகிதப்பூ நின்றது. ஒரு காலத்தில் சிமெண்டுத் தொட்டியில் வைத்த குச்சி. வேர் தொட்டியின் அடியைப் பிளந்துகொண்டு தரைக்குள் இறங்கி, இப்போது தொட்டி அதன் இடுப்பில் பெல்ட் மாதிரி கிடந்தது. ஒரு பக்கம் சுவரில் ஏறியது போக, மறுபக்கம் முள்ளும் பூவுமாக வழியின் குறுக்கே சரிந்திருந்தது. வீட்டுக்குள் வருகிற எவனும் அதைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். அவருடைய நல்ல சட்டைகளில் பாதியைக் கிழித்தது அதுதான். வெட்டு, வெட்டு என்று அவர் சொல்லாத நாளில்லை. “பூத்து முடியட்டுங்க, வெட்டுறேன்” என்பாள். அது முடிப்பதாக இல்லை. இன்றைக்கும், கொஞ்சமும் விவஸ்தை இல்லாமல், இலையே தெரியாதபடி பூத்துத் தொலைத்திருந்தது.

மைத்துனர் எங்கிருந்தோ ஓர் அரிவாளோடு வந்தார். “அடியோட ரெண்டு போடு போட்டா விழுந்துரும். தள்ளிக்குங்க, அத்தான்.”

“குடு இங்க.”

“நானே...”

“குடுன்னேன்.”

அரிவாளை வாங்கித் தரையில் போட்டார். வலைக்கூரைக்குப் போய், ஆணியில் மாட்டியிருந்த அவளுடைய கத்தரியை எடுத்துவந்தார். அதன் பிடி அவர் கைக்குச் சின்னதாக இருந்தது. முதல் கிளையைப் பிடித்து வளைத்தார். முள் உள்ளங்கையில் இறங்கியது. கணு எங்கே என்று தடவிப் பார்த்தார். கணுவுக்கு மேலே ஒரு விரற்கடை விட்டு, தண்ணீர் நிற்காதபடி சாய்வாக. வாங்கிப் போகிறவர்களிடம் அவள் தன் சுண்டுவிரலையே கிளையாக நீட்டி, இன்னொரு கையால் இப்படித்தான் வெட்டிக் காட்டுவாள். வெட்டினார். அடுத்த கிளை. மறுபடியும் தடவினார்.

“அத்தான்,” என்று மைத்துனர் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார், “இது முடி வெட்டுற நேரமா?”

“வழி வேணும்னுதானே கேட்ட? வழி பண்றேன்.”

“மயானத்துல நேரம் போயிரும் சார்,” என்றார் வண்டிக்காரர் வெளியிலிருந்து.

“தெரியும்யா. நானும் நேரம் பாத்து வண்டி ஓட்டினவன்தான்.”

கூட்டம் முணுமுணுத்தது. யாரோ கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்கள். மகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தார். அவள் அடுத்த கிளையை முள்ளில்லாத இடமாகப் பார்த்து வளைத்துப் பிடித்துக்கொண்டாள்.

“இதை வெட்டச் சொல்லி நீங்க போடுற சண்டை எனக்கு போன்லயே கேக்கும்பா.”

“கேட்டாளா அவ?”

“எனக்குக் காய்ச்சல்னா அம்மா நெத்தியைத் தொட்டுப் பாப்பாங்க. அந்தக் கையாலயே போய் மண்ணையும் தொட்டுப் பாப்பாங்க. எனக்குச் சின்ன வயசுல அவ்வளவு கோவம் வரும்.”

“இப்ப?”

“இப்பவும்தான்.”

அவர் வெட்டினார். அவள் வாங்கி ஓரமாகப் போட்டாள். அவள் மணிக்கட்டில் கோடு கோடாக ரத்தம் அரும்பியிருந்தது. அவர் பார்த்தார், அவளும் அவர் கையைப் பார்த்தாள். கிளை கிளையாக வழி அகன்றது. கடைசியில், சுவரில் ஏறியது மட்டும் மிஞ்சி, காகிதப்பூ பாதி மழித்த தலை மாதிரி நின்றது. வெட்டின இடமெல்லாம் வெள்ளையாக, சாய்வாக, ஒரே மாதிரி இருந்தது. அவர் கத்தரியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, திருப்பத்தில் போய் நின்று ஒருமுறை கண்ணால் அளந்தார்.

“எடுங்க,” என்றார்.

நான்கு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். அவர் கதவுப் பக்கமாக நின்று, பின்னால் நடந்தபடியே இரண்டு கையையும் உயர்த்திச் சைகை காட்டினார். அது அவரை அறியாமல் வந்தது.

“வா... வா... நேரா வா. இடது பக்கம் சுவரு, பாத்து. நில்லு. முன்னாடி ஆளுங்க மட்டும் வலதுல ஒடிச்சுத் திரும்பு. இன்னும். பின்னாடி அப்படியே இரு. உரசாது, வா. நான் பாத்துக்கறேன், நீ வா. வா... வா... நேர் பண்ணு.”

பெட்டி சாயவில்லை. ஒரு மூலைகூட எதிலும் படவில்லை. காலடியில் பூக்கள் நசுங்கி நிறம் பிசுபிசுத்தது. தெருக்கதவைத் தாண்டி, வண்டிக்குள் பெட்டி வழுக்கிப் போய் நின்றதும் வண்டிக்காரர் பின்கதவை அடைத்தார். அவர் அந்தக் கதவில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

“போலாம், ரைட்.”

வேலையில் இருந்த காலமெல்லாம் முதுகுக்குப் பின்னாலிருந்து கண்டக்டர் சொல்லக் கேட்டு வண்டியை எடுத்தவர். தன் வாயால் அதைச் சொன்னது அன்றைக்குத்தான். சொன்ன பிறகுதான், தானும் அந்த வண்டியில் ஏற வேண்டும் என்பது ஞாபகம் வந்தது. வண்டி நகர்ந்துவிட்டது. “நிறுத்துங்க, நிறுத்துங்க! அப்பா ஏறல!” என்று மகள் பின்னாலேயே ஓடிக் கத்தினாள்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் அங்கே முன்னால் வந்தவர்களின் காரியம் முடியவில்லை என்று காத்திருக்க வைத்தார்கள். இதற்கா அவசரப்படுத்தினீர்கள் என்று மைத்துனர் அங்கிருந்த ஊழியரிடம் சண்டை போட்டார். அவர் தடுக்கவில்லை. யாராவது யாரிடமாவது சண்டை போட வேண்டியிருந்தது.

திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மகள் வழியைப் பெருக்கி, உடைந்த தொட்டி ஓடுகளை ஒரு மூலையில் குவித்தாள். பிறகு ஊரில் விட்டுவந்த குழந்தையிடம் பேச போனை எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். அவர் வலைக்கூரைக்குக் கீழே போனார். யாரும் எடுத்துப்போகாத நாற்றுத் தட்டுகள் அப்படியே இருந்தன. இன்னதென்று யாருக்கும் தெரியாத, இரண்டிலை மூன்றிலைப் பயிர்கள். நேற்றைக்குப் பிறகு தண்ணீர் கண்டிருக்காது. எல்லாம் தலை தொங்கிக் கிடந்தன. முக்காலியை யாரோ கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

குழாயைத் திறந்தார். பகல் முழுக்க வெயிலில் சுருண்டு கிடந்த கறுப்பு ரப்பர் குழாய் ஒருமுறை விக்கிவிட்டுத் தண்ணீரைக் கக்கியது. கையில் பட்டதும் சூடு சுரீரென்றது. சட்டென்று குழாயின் வாயைத் தட்டுகளிலிருந்து விலக்கிச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

“என்னப்பா பண்றீங்க?” என்று மகள் படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “தண்ணி வீணாப் போகுது பாருங்க.”

“ஆறட்டும்.”

அவள் போனைக் காதிலிருந்து இறக்கினாள். அவர் குழாயை ஒரு கையில் பிடித்தபடி, முள் கீறிய மறுகையைத் தண்ணீருக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றார். விரல்களுக்கு நடுவே புகுந்து, சுவரடியில் விழுந்து, காய்ந்த தரையில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் இன்னும் சுட்டது.